குளிப்பாட்டியவளின் அமானிதம்

கண்டக்குழி
2025.07.03

அன்புத் தங்கச்சி ஸாஜிதாவுக்கு, ராத்தா மைமூனா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். மன்னாரில் நீயும் மச்சானும் மகனும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்யட்டும். இங்கே நானும் உன் நூஹு மச்சானும் உயிரோடு இருக்கிறோம். காற்றுக் காலம் என்பதால் வள்ளங்கள் எல்லாம் கரையில். வெள்ளைக்காரர்கள் மட்டும் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பாய்கிறார்கள்.

என்னடா, ராத்தா திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் காதுக்கு இரைச்சல்தான் விழும். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் மகன்தான் முதலில் வாசிப்பான். இது அவன் வாசிக்கிற விஷயம் இல்லை. அதனால் பேனையை எடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன் மகள் ஆதிலா வாழ்க்கைப்பட்ட வீட்டில் மையித்து விழுந்தது உனக்குத் தெரியும். றஹ்மத் உம்மாவின் மூத்த மருமகள், றிஸ்கானின் பெண்சாதி ஷஸ்னா. போன வியாழன் மௌத்தானாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தொய்வு, இழுப்பு. மூச்சு முட்டிப் போய்விட்டாள் என்று வீட்டார் சொன்னார்கள், ஊரும் கேட்டுக்கொண்டது. அஸர் தொழுகைக்கு முன்னரே அடக்கம் என்று முடிவானது. வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நான் எத்தனையோ மையித்தைக் குளிப்பாட்டியவள், தங்கச்சி. பயந்ததே இல்லை. அன்றைக்குப் பயந்தேன்.

ஷஸ்னாவின் உம்மா மர்ஷூதா மயங்கி விழுந்து வெளியே கிடந்தாள். ஆதிலா முழுகாமல் இருக்கிறாள், மையித்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று அவளை அறைக்குள் இருத்திவிட்டார்கள். சீலை மறைப்புக்குள் நானும் றஹ்மத் உம்மாவும் மட்டும். அவர் தண்ணீர் வார்க்க, நான் கை வைத்தேன். தலையை ஒரு பக்கம் சாய்த்தபோது கழுத்தைக் கண்டேன். விரல்கள் பதிந்திருந்தன. ஒரு பக்கம் நாலு விரல், மறுபக்கம் பெருவிரல். அது தொய்வு செய்கிற வேலை இல்லை.

நான் நிமிர்ந்து பார்த்தேன். றஹ்மத் உம்மாவும் என்னைப் பார்த்தார். வாளியைக் கீழே வைக்கவே இல்லை. "மைமூனா, அமானிதம்" என்றார். அந்த ஒரு சொல்தான். திரும்பவும் தண்ணீர் வார்த்தார்.

மையித்தைக் குளிப்பாட்டுகிறவள் நல்லதைக் கண்டால் சொல்லலாம், குறையைக் கண்டால் மூடிவிட வேண்டும். அதைத்தானே இத்தனை வருடமும் செய்தேன். அன்றைக்கும் என் கை அதையே செய்தது. கஃபன் துணியைக் கழுத்துக்கு மேலே, நாடி வரைக்கும் இழுத்துச் சுற்றினேன். மர்ஷூதாவைக் கடைசியாக முகம் பார்க்கக் கொண்டுவந்தார்கள். "எண்ட புள்ளட முகத்துல நூர் இருந்திச்சா, மைமூனா?" என்று கேட்டாள். எல்லா உம்மாமாரும் கேட்கிற கேள்வி. நானும் எல்லோருக்கும் சொல்கிற பதிலைச் சொன்னேன்: "ஓம், நல்ல வெளிச்சமா இருந்திச்சு."

அன்றிலிருந்து நான் கண்ணை மூடினால் அந்தக் கழுத்து வருகிறது. ஆதிலா அந்த வீட்டில்தான் இருக்கிறாள். என்ன செய்வது என்று எழுது.

உன் ராத்தா,
மைமூனா

*

மன்னார்
2025.07.11

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு ஸாஜிதா,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. வாசிக்கும்போது தேத்தண்ணீரை மடியில் ஊற்றிக்கொண்டேன். கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். சாம்பலையும் கிளறிவிட்டேன்.

ராத்தா, நீங்கள் கண்டது வேறு ஏதாவது இருக்கலாம். மூச்சுக்கு அந்தரப்பட்டு அவளே கழுத்தைப் பிடித்திருக்கலாம். தைலம் தேய்த்தவர்கள் அழுத்தித் தேய்த்திருக்கலாம். உங்களுக்கும் வயதாகிறது, வெளிச்சம் போதாத இடம். கோபிக்க வேண்டாம், அப்படி நினைத்தால்தான் எனக்கு நித்திரை வருகிறது.

அப்படியே இருந்தாலும் றஹ்மத் உம்மா சொன்னது சரிதானே? நம்பி ஒப்படைத்த உடம்பு, அதில் கண்டது அமானிதம். நீங்கள் வாயைத் திறந்தால் இனி எந்த வீட்டார் தங்கள் மையித்தை உங்கள் கையில் தருவார்கள்? உங்களைப் பேணுதலான மனுசி என்று ஊரே சொல்கிறது. அந்தப் பேரைக் கெடுக்காதீர்கள்.

இன்னொன்று. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கு ஆதிலாவுக்குக் கட்டிக்கொடுக்க வீடு இல்லை, கூரை இன்னும் ஏறவில்லை. அதனால்தான் பிள்ளை அந்த வீட்டுக்குப் போய் மாமியோடு இருக்கிறாள். அவள் மாப்பிள்ளை இன்சாப் நல்ல பையன். தமையன் எப்படியோ, தம்பி அப்படி இல்லை. இப்போது வயிற்றிலும் பிள்ளை. யாரோ செத்த ஒருத்திக்காக உயிரோடு இருக்கிற என் பிள்ளையைத் தெருவில் விட்டுவிடாதீர்கள்.

மச்சானுக்கு ஸலாம் சொல்லுங்கள். கருவாடு கிடைத்தால் அனுப்புங்கள், இங்கே விலை தலைக்கு மேலே போகிறது.

துஆவுடன்,
ஸாஜிதா

*

கண்டக்குழி
2025.07.20

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கருவாடு கட்டி வைத்திருக்கிறேன், ஆள் கிடைத்தால் அனுப்புவேன்.

வயதாகிறது என்று எழுதியிருக்கிறாய். உனக்கும் எனக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம், ஞாபகம் வைத்துக்கொள். என் கண் இன்னும் ஊசியில் நூல் கோக்கிறது.

றிஸ்கான் வீட்டுக்கு வந்தான். அவன் தருகிற சம்பளத்தில் வலை பின்னிக்கொண்டு உன் மச்சான் அவர்களின் மீன்பிடி வாடியில் இருந்த நேரம் பார்த்து வந்தான். பெரிய பாரை மீன் ஒன்று கையில். வாசலில் நின்று, "மாமி, மையித்துக் குளிப்பாட்டினதுக்கு நீங்க ஒண்டும் வாங்க மாட்டீங்க எண்டு உம்மா சொன்னா. இதயாவது வாங்குங்க" என்றான். வாங்காமல் எப்படி இருக்க? வாங்கினேன். போகும்போது திரும்பி, "உங்கட வாயில அமானிதம் தங்கும் எண்டு உம்மா சொல்லுவா. நூஹு மாமாவயும் காத்துக் காலம் முடியட்டும், எண்ட போட்டுலயே ஆழக்கடலுக்குக் கூட்டிப் போறன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மீனை நான் சமைக்கவில்லை, பூனைக்குப் போட்டேன். ஆழக்கடலில் ஒரு ஆள் தவறி விழுந்தால் யார் கேட்பது?

இதற்கும் மேலே ஒன்று நடந்திருக்கிறது. ஷஸ்னாவின் இரண்டு வயதுக் குழந்தைக்கு மாற்றாந்தாய் வரக்கூடாது என்று, அவள் தங்கை றுஷ்னாவையே றிஸ்கானுக்கு முடித்துக் கொடுக்கக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இது புதிதா? மர்ஷூதாவும் சம்மதித்துவிட்டாள். ஸபர் மாதம் நல்ல காரியத்துக்கு ஆகாது, அந்தப் பிறை கழியட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே நிக்காஹ் முடிந்திருக்கும்.

அவளாகவே வந்து என்னிடம் சொன்னாள், தங்கச்சி. "எனக்கும் மனசுல ஒரு சின்ன உறுத்தல் இருந்திச்சு. நீங்க நூர் இருந்திச்சு எண்டு சொன்னதுக்குப் பொறகுதான் நெஞ்சு ஆறிச்சு. நல்லா வச்சிருந்தவன்ட கையிலதானே மௌத்தாயிருக்கா" என்றாள். பின்னாலேயே றுஷ்னா நின்றாள். பத்தொன்பது வயது, இன்னும் ஐஸ்பழம் வாங்கித் தின்கிற பிள்ளை. உம்மா அந்தப் பக்கம் போனதும் கிட்ட வந்து, "மாமி, ராத்தாட முகம் உண்மையாவே வெளிச்சமா இருந்திச்சா?" என்று கேட்டாள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை, பேசிவிட்டேன். என் வாயால் வந்த அந்த ஒரு பொய்தான் இப்போது றிஸ்கானுக்குச் சாட்சி.

அமானிதம், அமானிதம் என்கிறார்களே, அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறில் இயக்கம் நம் சனத்தை மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது வாப்பா என்ன செய்தார்? நாம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிற அந்தப் பெரிய பித்தளைச் சகனைச் சீலையில் சுற்றி, வேலிக்கு மேலாக யூஜீனியா அக்காவின் கையில் கொடுத்தார். "அமானிதம், புள்ள" என்றார். வேதக்காரப் பிள்ளை, அவளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. நாம் வள்ளத்தில் ஏறி இங்கே வந்தோம். அவளும் எங்கெங்கோ ஓடினாள். கிணற்றடியில் புதைத்து வைத்து, இருபது வருடத்துக்குப் பிறகு நீ மன்னாருக்குத் திரும்பிப் போனபோது தோண்டி எடுத்து, புளி போட்டு விளக்கி உன் வாசலுக்குக் கொண்டுவந்தாள் அல்லவா?

அவள் அதைப் பத்திரமாக ஒளித்து வைத்துவிட்டுத் தராமலேயே இருந்திருந்தால் நாம் என்ன பேர் சொல்லியிருப்போம்? அமானிதம் காத்தவள் என்றா?

உரியவரிடம் கொடுக்கத்தானே வாங்கி வைப்பது. ஷஸ்னா அந்தக் கழுத்தை என் கையில்தான் தந்தாள். றஹ்மத் உம்மா தரவில்லை. நான் அதை யாரிடம் கொடுக்க வேண்டும்?

பயமாக இருக்கிறது. பதில் சீக்கிரம் எழுது.

மைமூனா

*

மன்னார்
2025.07.27

ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. செய்யாதீர்கள்.

சகனும் கழுத்தும் ஒன்றா? சகனைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டில் சோறு வைக்கலாம். இதைத் திருப்பிக் கொடுத்தால் மர்ஷூதா அதை வைத்து என்ன செய்வாள்? செத்தவள் எழும்பி வருவாளா? கபுறைத் தோண்டுவார்கள். அந்தப் பிள்ளையின் உடம்பை ஆம்பிளைகள் வெட்டிப் பார்ப்பார்கள். அதற்கா நீங்கள் சீலை மறைத்துக் குளிப்பாட்டினீர்கள்?

அந்தக் கல்யாணம் வேண்டாமென்றால் வேறு வழியில் நிறுத்துங்கள். பிள்ளைக்கு நோய் என்று சொல்லுங்கள். யாரையாவது வைத்து மொட்டைக் கடிதம் போடுங்கள். உங்கள் பேரில் வேண்டாம். ஆதிலாவை இந்தச் சம்பந்தத்தில் சேர்த்து வைத்தது நீங்கள்தான் என்பதை நான் சொல்லிக்காட்ட விரும்பவில்லை. ஆனால் மறந்துவிடாதீர்கள்.

இதையும் கிழித்துப் போடுங்கள்.

ஸாஜிதா

*

கண்டக்குழி
2025.08.02

அன்புத் தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தலவில அன்னம்மா கோயில் திருநாளுக்கு யூஜீனியா அக்கா வந்திருக்கிறாள். கடற்கரையில் கூடாரம் அடித்து மூன்று நாளாகத் தங்கியிருக்கிறார்கள். கருவாட்டையும் இந்தக் கடிதத்தையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். இந்த முறை அடுப்பில் போட வேண்டாம்.

மொட்டைக் கடிதம் போடலாம் என்று நானும் யோசித்தேன். யார் நம்புவார்கள்? "குளிப்பாட்டினவளே நூர் எண்டு சொன்னா" என்று அதைக் கிழித்துப் போடுவார்கள். நான் சொன்னதை நானேதான் திருப்பி வாங்க வேண்டும்.

நேற்று மாம்புரிக்குப் போனேன். மர்ஷூதா வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸால் இறங்கியதும் திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். வரப்பில் நின்று கூப்பிட்டதும், கல்யாண விஷயமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். துணியை நாடி வரைக்கும் இழுத்ததையும் சொன்னேன்.

அவள் கத்துவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். மண் ஒட்டின தன் கையைத் தன் கழுத்தில் அந்த இடத்தில் வைத்து, விரலை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். "அவன் இடதுகைக்காரன்" என்றாள். பிறகு, "ஏன் அண்டைக்குச் சொல்லல்ல?" என்றாள். என் பதிலுக்கு அவள் நிற்கவில்லை, தங்கச்சி. களை பிடுங்கிய கூடையை அப்படியே வைத்துவிட்டு, கை கூடக் கழுவாமல் பொலிசுக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போய் வாக்குமூலம் கொடுத்தேன்.

ஆதிலாவை உடனே கூப்பிட்டு எடுத்துக்கொள். பிள்ளைப்பேறு உம்மா வீட்டில் என்று சாட்டுச் சொல்லு. என்னைத் திட்டு, பரவாயில்லை. பிள்ளையை அங்கே வைக்காதே.

மைமூனா

*

மன்னார்
2025.08.10

மைமூனா ராத்தாவுக்கு,

கூப்பிட வேண்டிய தேவை வரவில்லை. அவர்களே அனுப்பிவிட்டார்கள். ஒரு சீலைப் பையோடு வேனில் கொண்டுவந்து, என் படலையடியில் இறக்கிவிட்டுப் போனார்கள். இன்சாப் வரவில்லை. இரண்டு தரம் போன் எடுத்தான், பிறகு நிறுத்திவிட்டான். தலாக் என்று கதை அடிபடுகிறது. பிள்ளை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

உங்கள் மனச்சாட்சியைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டீர்கள். என் பிள்ளையின் வாழ்க்கைத் தண்ணீரில் கழுவினீர்கள்.

ஒன்று சொல்கிறேன். இதை அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்து எழுதுகிறேன். நான் மௌத்தானால் நீங்கள் என்னைக் குளிப்பாட்ட வேண்டாம். என் உடம்பில் உங்கள் கை படக் கூடாது. பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்.

இனி எழுத வேண்டாம்.

ஸாஜிதா

*

கண்டக்குழி
2025.08.21

தங்கச்சிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கத்தான் பார்த்தேன். இங்கே பேச ஆளில்லை.

போன கிழமை ஆஸ்பத்திரி வீதியில் ஒரு மௌத்து. என்னைக் கூப்பிடவில்லை. கற்பிட்டியிலிருந்து வேறு ஒருவரை வேனில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் என் வீட்டைத் தாண்டிப் போகும்போது முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போகிறார்கள், அவர்கள் உடம்பிலும் எதையாவது கண்டு சொல்லிவிடுவேன் என்பதுபோல. சிரிப்புத்தான் வருகிறது, பிறகு அழுகை வருகிறது.

உன் மச்சானை வாடிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் "ஆழக்கடலுக்குப் போகாம தப்பிச்சன்" என்று பகிடி விட்டார். இரவானால் கூரையில் கல் விழுகிறது. ஓடு இரண்டு உடைந்துவிட்டது. கதவுக்குக் குறுக்கே அலுமாரியைத் தள்ளி வைத்துவிட்டுப் படுக்கிறோம்.

கல்யாணத்தை மர்ஷூதா நிறுத்திவிட்டாள். றுஷ்னாவைப் புத்தளத்தில் சாச்சி வீட்டில் விட்டிருக்கிறாள். அதை நினைத்தால் மட்டும் கொஞ்சம் மூச்சு விடுகிறேன்.

கபுறைத் தோண்ட நீதவான் உத்தரவு போட்டார். செவ்வாய்க்கிழமை தோண்டினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆகிவிட்டது, இனி தோல் எதையும் சொல்லாது, எலும்பு சொன்னால்தான் உண்டு என்கிறார்கள். எலும்பு ஒன்றும் சொல்லாவிட்டால்? றஹ்மத் உம்மா, தான் பக்கத்திலேயே நின்றதாகவும் ஒரு அடையாளமும் இருக்கவில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். என் பக்கம் யாரும் இல்லை. வரும் திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சொல்ல வேண்டும். அவர்களுடைய வக்கீல் முதலாவதாக என்ன கேட்பார் தெரியுமா? "அன்று நூர் இருந்தது என்று சொன்னீர்களா, இல்லையா?" ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு என்னை யார் நம்புவார்கள்? பொய்க்காரி என்று தீர்ப்பாகிவிட்டால் நான் இந்த ஊரில் எப்படி நடப்பேன்?

திரும்பவும் வாயை மூடிக்கொள்ளலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. சரியாகக் காணவில்லை, வெளிச்சம் போதவில்லை, வயதாகிவிட்டது என்று சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நீ எழுதித் தந்த வசனம்தான்.

நீ என்னைத் தொட வேண்டாம் என்று சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஆதிலாவை மட்டும் நன்றாகச் சாப்பிட வை. அவளுக்கு முருங்கையிலைச் சொதி பிடிக்கும்.

மைமூனா

*

மன்னார்
2025.08.23

என் அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யூஜீனியா அக்காவின் மகன் புத்தளத்துக்கு லொறி கொண்டுவருகிறான். தபாலை நம்பாமல் இதை அவன் கையில் தருகிறேன். திங்கட்கிழமைக்கு முன் உங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

ஆதிலா வாயைத் திறந்துவிட்டாள்.

வந்த நாளிலிருந்து அவள் நித்திரை கொள்ளவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்தி இருப்பாள். எனக்குக் கேட்காத காது, அதனால் கதவுச் சத்தம் எப்படியிருக்கும் என்றே மறந்துவிட்டது. மாப்பிள்ளையை நினைத்து அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். இன்று காலையில் உங்கள் கடிதம் வந்ததும் நான் வாசித்து முடித்து மேசையில் வைத்தேன். அவள் எடுத்து வாசித்துவிட்டாள். "என் பக்கம் யாரும் இல்லை" என்று நீங்கள் எழுதிய இடத்தில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ராத்தா. என் கண் பிழையாக வாசிக்கிறது என்று நினைத்துத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் திரும்பச் சொன்னாள்.

அன்றைக்குக் காலையில் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்திருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷஸ்னாவும் றிஸ்கானும். உம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று ஷஸ்னா சொன்னது கேட்டிருக்கிறது. பிறகு கதவு சாத்தின சத்தம். பிறகு சுவரில் கால் உதைபடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை. ஆதிலா துருவலையோடு அப்படியே இருந்திருக்கிறாள். றஹ்மத் உம்மா குசினிக்குள் வந்து, அவள் தலையைத் தடவி, "இந்த ஊட்டுல கேட்டது இந்த ஊட்டு அமானிதம், மகள். வயித்துல எங்கட புள்ள இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்று சொன்னாராம். முழுகாமல் இருக்கிற பெண் மையித்துக்குக் கிட்ட வரக்கூடாது என்று அறைக்குள் பூட்டி வைத்தது அதற்காகத்தான்.

உங்களுக்குச் சொன்ன அதே சொல். எனக்கும் அதே சொல்தான், நான் என் கையாலேயே எழுதி உங்களுக்கு அனுப்பினேன். வாப்பா வேலிக்கு மேலாகச் சொன்ன சொல்லை இந்த மனுசி எத்தனை வாயில் போட்டு அடைத்திருக்கிறாள் என்று நினைக்க எனக்கு உடம்பு எரிகிறது.

"நான் ஆளக் கூப்பிட்டு வந்து கதவத் திறந்திருந்தா அவ உயிரோட இருந்திருப்பாவா, உம்மா?" என்று பிள்ளை கேட்கிறாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன்.

நாங்கள் வருகிறோம். திங்கட்கிழமை ஆதிலா உங்களோடு நின்று, கேட்டதைச் சொல்வாள். தலாக் வந்தால் வரட்டும். கூரை ஏறாத வீட்டில் மூன்று பேர் இருந்த இடத்தில் நாலு பேர் இருப்போம், பிள்ளை பிறந்தால் ஐந்து பேர். அவள் வாப்பா முதலில் பயந்தார். பிறகு வேன் பேச அவரே போயிருக்கிறார்.

எனக்குப் பயம் போகவில்லை, ராத்தா. அவர்கள் வாடிக்காரர்கள், பணக்காரர்கள், பள்ளியில் முன் வரிசையில் நிற்கிறவர்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது. கோர்ட்டில் யார் என்ன சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்கவும் போவதில்லை. நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருங்கள். ஆதிலா சொல்லி முடித்ததும் கையை ஒருதரம் அழுத்துங்கள், அது போதும்.

ஞாயிறு பின்னேரம் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம். கதவுக்குக் குறுக்கே வைத்த அலுமாரியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சகனைக் கொண்டு வருகிறேன். உங்கள் வாசலுக்கு இப்போது யாரும் வருவதில்லை என்று எழுதினீர்கள், எல்லோரும் ஒன்றாக இருந்து அதில் சாப்பிடுவோம்.

கடைசியாக ஒன்று. அல்லாஹ்வைச் சாட்சி வைத்து எழுதியதற்கு நோன்பு பிடித்துக் கழித்துக்கொள்வேன். நான் மௌத்தானால் என்னை நீங்கள்தான் குளிப்பாட்ட வேண்டும். வேறு யார் கையும் வேண்டாம். என் உடம்பில் என்ன காண்கிறீர்களோ, அதை மூட வேண்டாம். வெளியே வந்து என் பிள்ளைகளிடம் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஸாஜிதா